சூடான் வாள் ஒன்று வாங்கிவிட்டேன், அடுத்து என்ன செய்வது?

இங்கிலாந்தின் வடபகுதியில் குடும்பத்தோடு வசிக்கும் தமிழ் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் விவரங்களை விட்டுவிட்டு அதன் சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

அவரோடு வேலை பார்க்கும் சூடான் நண்பர் ஒருநாள் தன் கல்யாணப் படத்தைக் காட்டியிருக்கிறார். மாப்பிள்ளையான அவர் கையில் நேரான, நீளமான வாள் ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து வாசகருக்கு அந்த வாளின் மேல் ஆசை. மூன்று மாதம் இணையத்தில் தேடிப் படித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் 280 பவுண்டு கொடுத்து ஒன்றை வாங்கிவிட்டார். "சிலுவைப்போர் காலத்து அலகு, 1898 ஓம்துர்மான் போர்க்களத்தில் ஒரு தர்வீஷிடமிருந்து கைப்பற்றியது" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். ஓம்துர்மான், சூடான் தலைநகர் கார்ட்டூமுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஊர். எழுத்தில் எதுவும் தரவில்லை. வீட்டில் வந்து பார்த்தால் அலகில் துரு, எதிரெதிராக இரண்டு பிறைநிலாக் குறிகள், உறையில் முதலைத் தோல். அலகைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கலாமா என்று கேட்கிறார். இந்த டிசம்பரில் திருச்சி வீட்டுக்கு எடுத்துப்போய் வரவேற்பறையில் மாட்டவும் ஆசைப்படுகிறார்.

இதற்கிடையில் வளைகுடா நாடு ஒன்றிலிருந்து ஒரு விற்பனையாளர் வாட்ஸப்பில் வெள்ளிப் பிடி போட்ட வாளின் படங்களை அனுப்பியிருக்கிறார். மேற்குச் சூடானில் இருக்கும் தார்ஃபூரின் சுல்தான் அலி தினாருடைய வாள், போன வருடம்தான் சூடானிலிருந்து வெளியே வந்தது, இந்த வாரத்துக்குள் பணம் அனுப்பினால் பாதி விலை என்கிறாராம். கடைசியில் வாசகர் எழுதியிருக்கும் வரியை அப்படியே தருகிறேன்: "நண்பருடைய நாடு எரிந்துகொண்டிருக்கும்போது அந்த நாட்டு வாளை நான் ஆசையாகச் சேர்ப்பது சரியா என்று நெஞ்சு உறுத்துகிறது. அவரிடம் இன்னும் காட்டவே இல்லை."

அன்புள்ள வாசகருக்கு,

அவசரமான இரண்டை முதலில் சொல்லிவிடுகிறேன். வளைகுடாவுக்குப் பணம் அனுப்பாதீர்கள். புளியை எடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் அருங்காட்சியகங்களில் பழைய உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேலையில் பல வருடமாக இருப்பவன். என் மேசைக்கு வந்த சூடான் வாள்களில் பெரும்பாலானவை ஒரு கதையோடுதான் வந்தன. அந்தக் கதை வாளோடு ஒத்துப்போனது குறைவு. அதனால் நான் சொல்லப்போவதெல்லாம் ஒன்றைச் சுற்றித்தான் இருக்கும்: விற்றவர் சொன்ன கதையைக் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வையுங்கள், இரும்பும் மரமும் தோலும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள்.

பெயரிலிருந்து தொடங்கலாம். நீங்கள் கடிதம் முழுக்க 'கஸ்காரா' என்று எழுதியிருக்கிறீர்கள், அது அரபுப் பெயர் என்றும் நினைக்கிறீர்கள். மேற்கத்திய சேகரிப்பாளர்களும் ஏல நிறுவனங்களும் புழங்கும் பெயர் அது. சூடானில் அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கும் புரியாது. அங்கே அது வெறும் 'சைஃப்', அதாவது வாள். உங்கள் நண்பரிடம் பேசும்போது சைஃப் என்றே சொல்லுங்கள். 'தர்வீஷ்' என்பதும் அப்படித்தான். 1881-ல் சூடானில் தன்னை மஹ்தி, அதாவது இஸ்லாமிய மரபில் எதிர்பார்க்கும் வழிகாட்டி, என்று அறிவித்துக்கொண்ட முகம்மது அகமது, தன் ஆட்களை அந்தப் பெயரால் அழைக்கக் கூடாது என்று தடுத்து 'அன்சார்' என்று அழைக்கச் சொன்னார். தர்வீஷ் என்பது எதிரணியில் நின்ற பிரிட்டிஷ்காரர்களின் வாயில் ஒட்டிக்கொண்ட சொல். 'தர்வீஷ் வாள்' என்ற சீட்டு தொங்கினால் அது விற்பவரின் மொழி என்று புரிந்துகொள்ளுங்கள்.

சிலுவைப்போர் கதை

இந்தக் கதையை நூறு வருடத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். நேரான இருமுனை அலகு, சிலுவை போலக் குறுக்கே நிற்கும் கைக்காப்பு. பார்த்தவுடன் ஐரோப்பிய வீரர்களின் வாள் ஞாபகம் வருவது இயல்புதான். ஆனால் மேற்காசியாவில் சிலுவைப்போர்கள் 1291-ல் முடிந்தன. உங்கள் கையில் இருக்கும் வகை வாள்கள் 19-ஆம், 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இடையில் ஐந்நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. நேரான வாளுக்காகச் சூடான்காரர்கள் ஐரோப்பாவைப் பார்த்திருக்க வேண்டியதும் இல்லை. இஸ்லாமிய உலகின் ஆரம்பகால வாள்களும் நேரானவையே, வளைந்த வாள் பரவலானது பிற்பாடுதான்.

இருந்தாலும் ஐரோப்பாவோடு ஓர் உறவு உண்மையிலேயே இருந்தது. அது போரில் வந்த உறவு அல்ல, வியாபாரத்தில் வந்தது. ஜெர்மனியில் சோலிங்கன் என்ற ஊர் நூற்றாண்டுகளாக அலகு செய்வதற்குப் பேர்போனது. அங்கே செய்த வெற்று அலகுகள் எகிப்துக்கு வந்து, அங்கிருந்து ஒட்டக வணிகர்களோடு தெற்கே போயின. 1814-ல் நைல் கரையில் இருக்கும் ஷெண்டி சந்தைக்குப் போன பயணி பர்க்ஹார்ட், சோலிங்கன் அலகுகள் அங்கே விலைபோவதைக் குறித்து வைத்திருக்கிறார். 1861-ல் கிழக்குச் சூடானில் அலைந்த ஆங்கிலேயப் பயணி சாமுவேல் பேக்கரும் ஹம்ரான் அரபுகளின் வாள் அலகுகளில் பெரும்பாலானவை சோலிங்கனைச் சேர்ந்தவை என்றே எழுதினார். அந்த ஹம்ரான்கள் வாளால் யானை வேட்டை ஆடியவர்கள்! குதிரைமேல் ஒருவர் யானையை இழுத்துப்போக, இன்னொருவர் பின்னால் வந்து, குதித்து இறங்கி, பின்னங்காலின் நரம்பை ஒரே வெட்டில் அறுப்பாராம். அதற்காகக் கைக்காப்புக்குக் கீழே அலகின்மேலேயே ஒரு சாண் நீளத்துக்குக் கயிறு சுற்றி வைத்திருப்பார்கள். ஒரு கை பிடியிலும் மறு கை அந்தக் கயிற்றுச் சுற்றிலும் இருக்கும். அப்படிக் கயிறு சுற்றிய வாள் எங்காவது கண்ணில் பட்டால், அசிங்கமாக இருக்கிறது என்று கயிற்றை அவிழ்த்துவிடாதீர்கள்.

ஆக, அலகு ஜெர்மனியில் பிறந்தது, பிடியும் கைக்காப்பும் உறையும் சூடானில் பிறந்தவை என்று இருக்கலாம். முழுக்க முழுக்க சூடானியக் கொல்லர் அடித்ததாகவும் இருக்கலாம். இரண்டுமே அசல்தான்.

வாளை எப்படிப் படிப்பது

புதிதாகச் சேர்ப்பவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வியை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்: "இதற்கு எத்தனை வயது இருக்கும்?" இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. நல்ல அலகு அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். பிடியின் தோல் இற்றுப்போனால் புதுத்தோல் சுற்றுவார்கள். கைக்காப்பு ஆட்டம் கண்டால் வேறு அடித்துப் போடுவார்கள். உறை இரண்டு தலைமுறைக்குள் கிழிந்துவிடும். அலகு 1830-களிலும், கைக்காப்பு 1890-களிலும், பிடித்தோல் 1950-களிலும், உறை 1970-களிலும் வந்திருக்கக்கூடிய வாளை யாரும் ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. அது பயன்பாட்டில் இருந்த வாள். உங்களுடையதும் அப்படித்தான் என்று உங்கள் விவரிப்பிலிருந்தே எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

அலகு. பொதுவாக 90 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும், முனை ஊசியாக இல்லாமல் சற்று மழுங்கி உருண்டிருக்கும். வெட்டுவதற்கான வாள் இது, குத்துவதற்கானது அல்ல. நடுவில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தை நன்றாகப் பாருங்கள். சிலவற்றில் ஒரே அகலப் பள்ளம், சிலவற்றில் ஒடுங்கிய மூன்று பள்ளங்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடி, பிடியிலிருந்து முனைவரை நோக்குங்கள். பள்ளத்தின் விளிம்புகள் இரண்டு பக்கமும் அளவெடுத்தாற்போல நேராக ஓடினால், ஐரோப்பியப் பட்டறை அலகாக இருக்க வாய்ப்பு உண்டு. லேசாக நெளிந்து, ஆழம் கூடிக் குறைந்து, சுத்தியல் தடம் தெரிந்தால் உள்ளூர்க் கொல்லர் வேலை. எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக, தட்டையாக, பள்ளம் மட்டும் அரைத்து எடுத்ததுபோல இருந்தால் 20-ஆம் நூற்றாண்டு, பெரும்பாலும் லாரியின் பட்டை வில்லிலிருந்து வந்த எஃகு.

'லாரி வில்லில் செய்தது டூப்ளிகேட் தானே' என்று கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இதில் மட்டும் உங்களோடு சண்டை போட எனக்கு ஆசை. கிழக்குச் சூடானின் கஸ்ஸலா சந்தையில் வாள் செய்யும் கொல்லர்கள் நம் காலம்வரை தொழில் நடத்தியிருக்கிறார்கள். பெஜா மக்களும் ரஷாய்தா மக்களும் வாளைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போவதும், விழாவில் வாளோடு ஆடுவதும் பழைய கதையாகிவிடவில்லை. அவர்களுக்காக அவர்கள் ஊர்க் கொல்லர், கையில் கிடைத்த நல்ல எஃகில் அடித்த வாள் எப்படிப் போலியாகும்? உங்கள் நண்பர் கல்யாணத்தில் பிடித்திருந்த வாளும் அந்த வகையாக இருக்கலாம். வயது குறைவு, விலை குறைவு என்று வேண்டுமானால் சொல்லுங்கள். போலி என்ற சொல்லை, புது வாளைப் பழசு என்று பொய் சொல்லி விற்பவருக்காக எடுத்து வையுங்கள்.

முத்திரைகள். உங்கள் பிறைநிலாக்கள் என்னை ஆவலாக்கின. முகம் வரைந்த பிறைகள் எதிரெதிராக நிற்பதும், ஓடும் ஓநாயும், சிலுவை தாங்கிய உருண்டையும் ஐரோப்பிய அலகுகளிலிருந்து வந்த குறிகள். அந்தக் குறி இருந்தால் நல்ல இரும்பு என்ற மதிப்பு சூடானிலும் இருந்ததால், உள்ளூர்க் கொல்லர்களும் தங்கள் அலகில் அதைக் குத்த ஆரம்பித்தார்கள். ஆகவே முத்திரை இருப்பதை மட்டும் வைத்து 'ஜெர்மன் அலகு' என்று முடிவு கட்டாதீர்கள். முத்திரையையும் பள்ளத்தையும் சேர்த்துப் பாருங்கள். நெளிந்த பள்ளத்துக்குப் பக்கத்தில் ஆழமின்றித் தடுமாறிக் குத்திய பிறை இருந்தால் அது உள்ளூர் வேலைதான். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு பிறையின் மூக்கு மற்றதைவிட மேலே ஏறியிருக்கிறது. எனக்கு அது கஸ்ஸலா பக்கத்துக் கை மாதிரித் தெரிகிறது. ஆனால் படத்தை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன்.

அலகு முழுக்க அரபு எழுத்து அமிலத்தால் பொறித்த வாள்களும் உண்டு. துலுத் என்ற எழுத்துமுறையில், ஓர் அங்குலம்கூட இடம் விடாமல், சமய வாசகங்கள் திரும்பத் திரும்ப வரும். 1898 வரை நீடித்த மஹ்தி ஆட்சிக் காலத்தோடு இவற்றைச் சேர்த்துச் சொல்வார்கள். வாளில் மட்டுமல்ல, எறிகத்தியிலும் ஈட்டி முனையிலும்கூட இதே வேலைப்பாடு இருக்கிறது. பார்க்க மிக அழகு. ஆனால் 1898-க்குப் பிறகு கார்ட்டூமுக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் பயணிகளுக்கும் நினைவுப்பொருளாக விற்றவையும் சந்தையில் கலந்து கிடக்கின்றன. அதனால் எழுத்து இருக்கிறது என்பதற்காக மட்டும் அதிகப் பணம் கொடுக்காதீர்கள்.

பிடியும் உறையும். நல்ல பழைய கைக்காப்பு கனமான இரும்பில், நுனி நோக்கி விரிந்து போகும். அதன் நடுவிலிருந்து அலகின்மேல் ஒரு சிறு நாக்கு இறங்கும். மரப்பிடியில் தோல் சுற்றி, முடிவில் தட்டையான வட்டக் குமிழ் இருக்கும். உறை தோலில் தைத்தது, முனைக்குச் சற்று மேலே இலை மாதிரி விரிந்து மறுபடி ஒடுங்கும். பார்த்த மாத்திரத்தில் அது சூடான் உறை என்று சொல்லிவிடலாம். முதலைத் தோல் போட்ட உறையும் பிடியும் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் ஆடம்பரம். இது ஒன்றே போதும், உங்கள் உறை ஓம்துர்மான் போர்க்களத்தைப் பார்த்திருக்காது என்று நான் நினைப்பதற்கு. அலகு பார்த்திருக்கலாம், ஆனால் அதற்கும் ஆதாரம் வேண்டும்.

1898 செப்டம்பர் 2-ல் ஓம்துர்மானுக்கு வெளியே, மஹ்திக்குப் பின் ஆட்சிக்கு வந்த கலீஃபா அப்துல்லாஹியின் படையில் ஒரே காலையில் பத்தாயிரம் பேருக்கு மேல் விழுந்தார்கள். எதிரே நின்ற பிரிட்டிஷ்-எகிப்தியப் படையின் தலைவர் கிச்சனர் தரப்பில் செத்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிக்கு எதிராக வாளும் ஈட்டியுமாக ஓடிவந்தவர்களின் கையிலிருந்து விழுந்தவை இங்கிலாந்தின் வீடுகளுக்கும் படைப்பிரிவு அருங்காட்சியகங்களுக்கும் வந்து சேர்ந்தன. அதனால்தான் இந்த வாள்கள் உங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்கின்றன. 'ஓம்துர்மான்' என்று சொன்னால் விலை ஏறுவதும் அதனால்தான். அந்தப் பேரைச் சொல்லிக் காசு கேட்பவரிடம் காகிதம் கேளுங்கள்: கொண்டுவந்த சிப்பாயின் பெயர், படைப்பிரிவு, குடும்பக் கடிதம், பழைய படம், பழைய ஏலச்சீட்டு. ஒன்றுமே இல்லை என்றால் 'சூடான், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 20-ஆம் நூற்றாண்டு' என்று குறித்துக்கொண்டு அந்த விலை மட்டும் கொடுங்கள். உங்கள் 280 பவுண்டு கொள்ளை என்று சொல்ல மாட்டேன். கதைக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வெள்ளிப் பிடி வாள்

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது.

அலி தினார் 1898 முதல் 1916 வரை தார்ஃபூரை ஆண்ட சுல்தான். 1916 மே மாதம் அவருடைய தலைநகர் எல் ஃபாஷரைப் பிரிட்டிஷ் தலைமையிலான படை பிடித்தது, நவம்பர் 6-ல் அவரைக் கொன்றார்கள். வெள்ளித் தகடு போர்த்திய பிடிகளுக்குத் தார்ஃபூர் பேர்பெற்றது. அதனால் வெள்ளிப் பிடி எதைக் கண்டாலும் 'அலி தினார் வாள்' என்று பெயர் வைப்பது வியாபாரிகளின் வழக்கமாகிவிட்டது. அவருடையதே என்று காட்ட ஆவணம் இல்லாவிட்டால் அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

அதைவிடப் பெரிய விஷயம், அவர் சொன்ன 'போன வருடம்தான் வெளியே வந்தது' என்ற வார்த்தை. உங்களுக்கு அது ஆசை காட்டுகிற வார்த்தை, எனக்கு வயிறு கலங்குகிறது. சூடான் ராணுவத்துக்கும் ஒரு துணை ராணுவப் படைக்கும் இடையே 2023 ஏப்ரல் 15-ல் தொடங்கிய போரில் கார்ட்டூமின் தேசிய அருங்காட்சியகத்தைச் சூறையாடினார்கள். 2025 மார்ச்சில் ராணுவம் நகரத்தை மீட்டபோது கூடங்கள் காலியாகக் கிடந்தன. மஹ்தி காலத்து ஆயுதங்களை வைத்திருந்த ஓம்துர்மான் கலீஃபா இல்லமும் தப்பவில்லை. எல் ஃபாஷரில் அலி தினாரின் அரண்மனையே அருங்காட்சியகமாக இருந்தது, அதுவும் சேதமடைந்தது. அந்த நகரம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு முற்றுகையில் பட்டினி கிடந்து 2025 அக்டோபரில் அந்தத் துணை ராணுவப் படையிடம் வீழ்ந்தது. இந்த நிலையில் அங்கிருந்து வெள்ளிப் பிடி வாள் ஒன்று வெளியே வருகிறது என்றால் அது எங்கே இருந்தது, யார் எடுத்தார்கள், எடுக்கும்போது அந்த வீட்டுக்காரர் உயிரோடு இருந்தாரா? இந்தக் கேள்விகளுக்கு வாட்ஸப்பில் பதில் வராது.

சூடானின் பண்பாட்டுப் பொருள்களை வாங்குவதிலும் இறக்குமதி, ஏற்றுமதியிலும் ஈடுபட வேண்டாம் என்று 2024 செப்டம்பரில் யுனெஸ்கோ பொதுமக்களையும் கலைச்சந்தையையும் கேட்டுக்கொண்டது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ நம்பியோ வாங்கி வைப்பது நீங்கள் வசிக்கும் நாட்டில் குற்றம். 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல உங்களுக்கு வாய்ப்பும் இல்லை, எப்போது வெளியே வந்தது என்பதை அவரே எழுத்தில் சொல்லியிருக்கிறார். அப்புறம், படம் மட்டும் காட்டிப் பணம் பறிக்கிற கும்பலாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் உங்கள் பணம் மட்டும் போகும். உண்மையான வாளாக இருந்தால் அதைவிட மோசம்.

அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். படங்களையும் எண்ணையும் சேமித்து, உங்கள் ஊர்க் காவல்துறையிடம் தகவலாகக் கொடுங்கள். காணாமல்போன ஏதாவது ஒன்றின் படமாக அது இருக்கக்கூடும்.

உங்களுக்கு நான் சொல்லும் விதி எளிது. 2023 ஏப்ரலுக்கு முன்பே சூடானுக்கு வெளியே இருந்தது என்று காகிதத்தால் காட்ட முடியாத எதையும் வாங்காதீர்கள். பழைய ஏலப்பட்டியல், பழைய ரசீது, தேதி தெரிகிற குடும்பப் படம் என்று ஏதாவது ஒன்றாவது இருக்கட்டும். உங்கள் கையில் இருக்கும் வாளைப் பற்றி அந்தச் சந்தை வியாபாரியிடமும் போய்க் கேளுங்கள், எப்போது, எங்கே வாங்கினார் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

திருச்சிக்குக் கொண்டுபோவது

வேண்டாம். இங்கிலாந்தில் நேரான பழைய வாளை வீட்டில் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. 2008-ல் வந்த தடை 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வளைந்த அலகுக்குத்தான், அதிலும் பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. ஆனால் தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கொண்டுபோவது குற்றம். எங்காவது நிபுணரிடம் காட்ட எடுத்துச் சென்றால் நன்றாகச் சுற்றிக் கட்டி, கார் டிக்கியில் வைத்து, போகிற இடத்தின் மின்னஞ்சலையும் கையில் வைத்துக்கொண்டு நேரே போய் நேரே வாருங்கள்.

இந்தியாவில் நிலைமை வேறு. உரிமம் இல்லாமல் ஆயுதத்தை நாட்டுக்குள் கொண்டுவருவதை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடுக்கிறது. 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் வாளும் இருக்கிறது. 'பெட்டிக்குள் அலங்காரப் பொருளாகப் போட்டுக் கொண்டுபோகலாம்' என்று உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி முன்னால் நிற்காதீர்கள். முதலைத் தோல் உறை இன்னொரு தலைவலி, நைல் முதலையின் தோல் எல்லை தாண்ட அழிநிலை உயிரின வர்த்தக ஒப்பந்தத்தின்படி அனுமதித்தாள்கள் தேவைப்படும். அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்றால் வீடியோ காலில் காட்டுங்கள்.

புளியும் எண்ணெயும்

வெண்கலக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கை இந்த அலகின் மேல் படக்கூடாது. புளியில் இருப்பது அமிலம், துருவோடு சேர்த்து நல்ல இரும்பையும் தின்னும். அலகின் கருநிறமும், ஆழமில்லாத முத்திரையும், கண்ணுக்குத் தெரியாமல் மங்கிக் கிடக்கும் பொறிப்பும் அதோடு போய்விடும். என்னிடம் ஒருமுறை கண்ணாடி மாதிரி மின்னும் சூடான் வாள் ஒன்று வந்தது. முந்தைய உரிமையாளர் ஆசையாகத் தேய்த்திருக்கிறார். கைக்காப்பின் நாக்குக்கு அடியில், தேய்க்கும் கை எட்டாத அரை அங்குலத்தில் மட்டும் துலுத் எழுத்து மிச்சம் இருந்தது. மற்ற முழு அலகிலும் என்ன எழுதியிருந்தது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எதையும் தொடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பருத்தி அல்லது நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு மென்மையான துணியால் தூசியைத் துடையுங்கள். துரு கருப்பாக, கெட்டியாக, கையில் ஒட்டாமல் இருந்தால் அது தூங்குகிறது, எழுப்ப வேண்டாம். ஆரஞ்சு நிறத்தில் பொடியாக உதிர்ந்தால் மட்டும் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரிடம் காட்டுங்கள். அதன்பின் அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை மிக மெல்லியதாகப் பூசலாம். தேங்காய் எண்ணெய் கூடாது, அது பிசுக்காகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோலின்மேல் எண்ணெயோ பாலீஷோ எதுவும் வேண்டாம்.

வாளை உறைக்குள் போட்டே வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், உள்ளே அலகு துருப்பிடிக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, ஹீட்டருக்கும் சமையலறைக்கும் தள்ளி வையுங்கள். பிடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். உறையிலோ வாரிலோ சின்னத் தோல் பொட்டலம் தைத்திருந்தால் அது தாயத்து, உள்ளே குர்ஆன் வாசகம் எழுதிய தாள் இருக்கலாம். பிரிக்காதீர்கள்.

அடுத்த வாள் வாங்கும் முன்

ஒரு வருடம் எதையும் வாங்காமல் பாருங்கள். லீட்ஸில் இருக்கும் ராயல் ஆர்மரீஸ் ஆயுத அருங்காட்சியகம் உங்களுக்கு எட்டும் தூரம்தான். ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகமும் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் தங்கள் சூடான் பொருள்களின் விவரங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. எந்த வருடம், யார் கொடுத்தது என்ற குறிப்புள்ள வாள்களை முதலில் பாருங்கள், தேதி உறுதியான பொருள்தான் கண்ணைப் பழக்கும். டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் சூடான் ஆவணக் காப்பகத்தில் பழைய புகைப்படங்கள் ஏராளம். வாளை எந்தத் தோளில், எந்த உயரத்தில் மாட்டினார்கள், உறை எப்படித் தொங்கியது என்பதை அந்தப் படங்களில் பார்த்துக்கொள்ளலாம். மேற்கே சஹாராவில் வாழும் துவாரெக் மக்களின் வாளான தகூபாவையும் சேர்த்துப் பாருங்கள். அதுவும் நேரான வாள், அதிலும் ஐரோப்பிய அலகுகள் உண்டு, ஆனால் பிடி முற்றிலும் வேறு. விற்பவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள்.

நெஞ்சு உறுத்துகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அந்த உறுத்தலை நான் மருந்து போட்டு ஆற்றப் பார்க்க மாட்டேன். இங்கிலாந்தில் இருக்கும் சூடான் வாள்களில் பல, தோற்றவர்கள் பிணமாகக் கிடந்த மைதானத்திலிருந்து பொறுக்கியவை. சட்டப்படி அவற்றை இன்று வாங்கலாம், விற்கலாம். அது எப்படி வந்தது என்பதை அந்தச் சட்டம் மாற்றிவிடாது. ஆனால் சேர்ப்பவர் ஒருவர் விவரங்களை ஒழுங்காக எழுதி வைத்து, கேட்கும் சூடான்காரருக்குத் திறந்து காட்டி, நாளைக்கு அவர்களின் ஓர் அருங்காட்சியகம் கேட்டால் பேசத் தயாராக இருந்தால், அதே வாள் சந்தை மேசையில் பொய்க் கதையோடு கிடப்பதைவிட நல்ல இடத்தில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நீங்கள் அப்படிப்பட்டவராக இருக்க விரும்புகிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

நண்பரிடம் காட்டுங்கள். சுவரில் மாட்டிவிட்டு விருந்துக்கு அழைத்து ஆச்சரியப்படுத்த வேண்டாம். முன்னாலேயே சொல்லுங்கள்: "உன் கல்யாணப் படத்தைப் பார்த்துத்தான் இதை வாங்கினேன், பார்க்க உனக்கு மனசிருக்கிறதா?" இப்போது வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள், அவருடைய வீட்டார் எங்கே எப்படி இருக்கிறார்களோ. பார்க்கிறேன் என்றால் மேசையில் துணி விரித்து வாளை அவர் கையில் கொடுங்கள். கைக்காப்புக்கும் பிறைக்குறிக்கும் உறையின் இலை வடிவத்துக்கும் அவர் வீட்டில் என்ன பெயர் சொன்னார்கள், கல்யாணத்தில் அவர் பிடித்திருந்த வாள் யாருடையது, இப்போது அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். சொல்வதை அவர் சொல்கிற உச்சரிப்பிலேயே, தேதி போட்டு எழுதி, வாளோடு வையுங்கள்.